அந்தியோக்கியாவில் ஆறிப்போன கூழ்

என் கூழ்ப்பானைக்காரா, என் சூசை மச்சான்,

கியூபெக்காரர் கனடாவை விட்டுப் பிரிவதா இல்லையா என்று வாக்குப் போட்ட நாளை நீ அறிய நியாயமில்லை. இங்கே எல்லா வீட்டு ரிவியும் அதையே காட்டிக்கொண்டிருந்தது. அதே நாளில்தான் ஆமிக்கும் ஷெல்லுக்கும் பயந்து யாழ்ப்பாணம் முழுவதும் மழையில் நனைந்துகொண்டு பாலம் கடந்தது. நீயும் அந்தச் சனத்துக்குள் நடந்தாய். சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் உன் மூச்சு நின்றது என்று எனக்குத் தெரிய வந்தபோது, ஸ்காபரோ றோட்டெல்லாம் பனி மூடிவிட்டது. யார் குழி வெட்டினார்கள்? தலைமாட்டில் ஒரு தடிச் சிலுவையாவது நட்டார்களா? யாரைக் கேட்பது?

இந்தப் பேப்பரில் செத்தவர்களுக்குப் பூ வளையம் போட்டு, நடுவில் படம் வைத்து, கண்ணீர் வடிக்கிறார்கள். உன் படம் ஒன்றும் என்னிடம் இல்லை. என்னிடம் இருப்பது கோபம். எனக்கு எழுத்துத் தெரியாது என்பதால் மருமகள் ஜெசி எழுதுகிறாள்.

"மாமா, சரியான சூடாக் கதைக்கிறியள். நான் கொஞ்சம் பதமா எழுதட்டே?" என்று இப்போதே கேட்கிறாள்.

"பிள்ளை, பதம் பாக்க இது சோறில்லை. நான் சொல்லுற மாதிரியே எழுது."

"சரி. ஆனா அவரின்ர பேரைப் போடாதேங்கோ. பேந்து கோயிலில முகம் பாக்கேலாது."

அதனால் பேர் போடவில்லை. கூத்துக் கமிற்றித் தலைவர் என்றே சொல்கிறேன். யாரென்று உனக்கு விளங்கும்.

இந்த உயிர்த்த ஞாயிற்றுக்கு அடுத்த சனிக்கிழமை, இங்குள்ள எங்கள் சனம் வேதம் பரவின கூத்தை மேடை ஏற்றுகிறது. ஆமாம், நாங்கள் ஆடிய அதே கூத்துத்தான். அப்போஸ்தலர் தலையில் நெருப்பு நாக்கு இறங்குவதில் தொடங்கி, முடியப்பரைக் கல்லால் எறிந்து, சவுல் குதிரையால் விழுந்து பவுல் என்கிற சின்னப்பராய் எழும்பி, உரோமாபுரியில் பேதுரு என்கிற இராயப்பரைத் தலைகீழாய்ச் சிலுவையில் அறைவதோடு முடிகிற கூத்து. கூத்துக் கமிற்றிக்குத் தலைவர் யார் தெரியுமா? அன்றைக்கு உனக்கு முன்னால் இராயப்பராய் உட்கார்ந்து, கூழ் வார்த்த பனையோலைப் பிளாவை வைத்துவிட்டு எழும்பிப் போனவன்.

நீ மறந்திருக்க மாட்டாய். இதை வாசிக்கிறவர்களுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன்.

தனுஷ்கோடியில் ரயிலைக் கடல் இழுத்துக்கொண்டுபோன புயலுக்கு அடுத்த வருடம். லத்தீன் பூசை போய்த் தமிழ்ப் பூசை வந்து, சாமியார் சனத்தின் பக்கம் திரும்பி நிற்கத் தொடங்கிய காலம். சாமியாரே திரும்பிவிட்டார், இனி எல்லாம் திரும்பும் என்று நினைத்தோம். எங்கள் கோயிலில் அதுவரையும் உங்கள் ஆட்களுக்கு உட்காரக் கடைசி வாங்கு, எங்கள் ஆட்களுக்கு முன் வாங்கு. ஒரே நற்கருணை, ஒரே கிண்ணம், ஆனால் சாதிக்கொரு வரிசை. அந்த வருடந்தான் எங்களுக்குக் கூத்துப் பழக்கிய அண்ணாவியார் துணிந்து, இரண்டு பகுதியையும் ஒரே மேடையில் ஏற்றினார். எனக்குச் சின்னப்பர் வேடம். தலைவருக்கு இராயப்பர். உனக்கு, அந்தியோக்கியாவில் புதிதாய் ஞானஸ்நானம் பெற்ற பிற சாதிக்காரன் வேடம்.

அந்தியோக்கியாவில்தான் எங்களுக்குக் கிறிஸ்தவர் என்ற பேரே வந்தது. அங்கே யூதரும் பிறத்தியாரும் ஒரே பந்தியில் இருந்து சாப்பிட்டார்கள். இராயப்பரும் கூட இருந்து சாப்பிட்டார். பிறகு யெருசலேமிலிருந்து யாகப்பரின் ஆட்கள் வந்தார்கள். பிறத்தியாரோடு கை நனைக்கக்கூடாது என்ற பழைய கட்டுப்பாட்டை விடாதவர்கள். அவர்களைக் கண்டதும் இராயப்பர் பயந்து பந்தியை விட்டு எழும்பினார். பாறை என்று கர்த்தர் பேர் வைத்த மனுசன்! சின்னப்பர் சும்மா விடவில்லை. முகத்துக்கு நேரே, எல்லாருக்கும் முன்னால் கேட்டார். அன்றைக்கு அவர் கேட்காமல் விட்டிருந்தால், இந்த வேதம் ஒரு பகுதியாரின் வேதமாய் அங்கேயே கிடந்திருக்கும். எங்கள் கடற்கரை வரைக்கும் வந்திருக்குமா?

கூத்தில் சாப்பாடு என்றால் வெறுங்கைதான். பானையும் இல்லை, சோறும் இல்லை, விரலைக் குவித்து வாயருகே கொண்டுபோனால் சனம் விளங்கிக்கொள்ளும். எல்லாக் கூத்திலும் அப்படித்தான். ஆடிப் பார்த்த பழக்க நாட்களில் நாங்களும் அப்படித்தான் செய்தோம். அரங்கேற்றத்தன்றுதான் நீ உன் வீட்டிலிருந்து பனங்கிழங்கு மாவில் காய்ச்சின ஒடியற்கூழ்ப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தாய். நண்டும் றாலும் பயிற்றங்காயும் மணக்க, ஆவி பறக்க, மேடை நடுவில் வைத்தாய்.

"டேய் சூசை, இதென்ன வேலை?" என்று அண்ணாவியார் பக்கத்தில் நின்று பல்லைக் கடித்தார்.

நீ சிரித்துக்கொண்டு, "அண்ணாவியார், அந்தியோக்கியாவில உண்மையாச் சாப்பிட்டவை. பாவனை காட்டினதுக்கோ சின்னப்பர் சண்டை பிடிச்சவர்?" என்றாய்.

இராயப்பருக்குப் பிளாவில் வார்த்துக் கொடுத்தாய். அவன் வாங்கினான். வாய்க்குக் கிட்டவும் கொண்டுபோனான். முன்வரிசையில் இருந்த அவனுடைய தகப்பன் ஒரு செருமல் செருமினார், அவ்வளவுதான். யாகப்பரின் ஆட்கள் மூன்று பேரும் இன்னும் திரைக்குப் பின்னால் நிற்கிறார்கள். அதற்கு முன்னமே இவன் பிளாவை வைத்துவிட்டு எழும்பி, மேடையால் இறங்கி, சனத்துக்குள்ளால் நடந்து, வீட்டுக்கே போய்விட்டான்.

சனம் என்ன செய்தது? கை தட்டியது! "என்ன நடிப்படாப்பா!" என்று சீட்டி அடித்தது.

நான் ஏறி வந்து யாருக்குப் பாட? இராயப்பர் இல்லை, வெறும் பாய். அந்த வெறும் பாயைப் பார்த்தே முழுப் பாட்டையும் பாடினேன். நீ உன் இடத்தில் அசையாமல் இருந்தாய். பாட்டு முடிந்ததும் கூத்தில் இல்லாத ஒரு சொல்லை, ஊர் முழுக்கக் கேட்கச் சொன்னாய். "மச்சான், நீ இரு. கூழ் ஆறுது."

நான் இருந்தேன். குடித்தேன். எங்கள் ஆட்களில் ஒருவனைப் பார்த்து நீ மச்சான் என்றது பெண் கொடுத்து எடுக்கிறவர்களின் சொல் என்று ஊருக்கு விளங்கியது. கை தட்டினவர்கள் பாதிப்பேர் எழும்பிப் போனார்கள். அந்தக் கூத்தை எங்கள் ஊர் பிறகு ஆடவில்லை.

இனி இப்போதைக்கு வருகிறேன். போன மாதம் கோயில் பேஸ்மென்றில் கூத்துப் பழக்கம் நடந்தது. உன் மகள் மேரி மல்வேர்னில் இருந்து இரண்டு பஸ் மாறி வந்தாள். வேலை முடிந்த களைப்போடு, துவாயால் சுற்றின ஒரு பானையை மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். உள்ளே கூழ். தமிழ்க் கடை ஒடியல்மா, ஐஸ் நண்டு, ஆனாலும் உன் வீட்டு மணம். கப்பில் வார்த்து முதலில் தலைவரிடம் நீட்டினாள்.

"பிள்ளை ஊரில எவடம்? எந்தக் கோயிலடி?" என்று தலைவர் கேட்டார்.

"நான் சூசையின்ர மகள், அங்கிள்."

கப்பை வாங்க நீட்டின அவர் கை அப்படியே நின்றது. "ஐயோ பிள்ளை, எனக்குச் சுகர். டொக்ரர் கண்டபடி ஒண்டும் தொட வேண்டாமெண்டவர்," என்றார் தலைவர். மேரி கப்பைத் திருப்பி வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அதே தலைவர், அதே கையால், சீனி உதிர ஒரு டோனற்றை எடுத்துத் தின்றார். சுகர் வருத்தத்துக்கு டோனற் மருந்து போலிருக்கிறது!

சீனியைத் துடைத்துவிட்டு அறிவித்தார். "நேரம் காணாது. ஹோலைப் பத்து மணிக்குத் திருப்பிக் குடுக்கோணும். அந்தச் சாப்பாட்டுக் காட்சியை வெட்டுவம்."

"உரோமாபுரிச் சண்டையிலை வெட்டன். வாள் வீச்சே அரை மணித்தியாலம்," என்றேன்.

"சவிரி அண்ணை, குறை விளங்காதேங்கோ. கனடாவுக்கு வந்தும் உதைக் கிளறிறதே? இஞ்சத்தைப் பிள்ளையளுக்கு உதொண்டும் தெரியாது."

"தெரியாத பிள்ளையள் பாத்தா அவைக்கென்ன? தெரிஞ்ச உனக்கெல்லோ குத்துது."

"எனக்கென்ன குத்து? அண்டைக்கு வயித்துக்குத்து வந்தது, எழும்பினனான். அவ்வளவுதான்."

"முப்பது வருசமா அந்தக் குத்து மாறேல்லையோ? நல்ல டொக்ரராப் பாரன்."

பின்னால் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஆனால் கை உயர்த்தச் சொன்னபோது சிரித்தவர்களும் அவன் பக்கந்தான் உயர்த்தினார்கள். காட்சி போய்விட்டது. அந்தியோக்கியா இல்லாமல் வேதம் நேரே உரோமாபுரிக்குப் பறக்கிறது, ஏதோ பிளேனில் வந்தது மாதிரி.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மேரி என் கையைப் பிடித்து, "விடுங்கோ மாமா, அப்பா இருந்தா சிரிச்சிருப்பார்," என்றாள். பானை அப்படியே மடியில் கனத்தது. நீ சிரித்திருப்பாயா, சூசை? அன்றைக்கு மேடையில் சிரித்தாய். வீட்டுக்குப் போய் என்ன செய்தாய் என்று நீ எனக்கு ஒருநாளும் சொல்லவில்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஷெல்லுக்குத் தப்பி, கடல் தாண்டி, உறைபனியில் பஸ்ஸுக்கு நின்று, அத்தனையும் பட்டபிறகும் இந்தக் குப்பையைப் பத்திரமாய்ப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். வீடு விட்டார்கள், காணி விட்டார்கள், இதை விடவில்லை. பாலம் கடந்த அந்த மழைக்குள் யார் முன்னே, யார் பின்னே என்று வரிசை இருந்ததா?

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். சனிக்கிழமை கூத்து முடிய பேஸ்மென்றில் சாப்பாடு. பேப்பர்க் கோப்பையோடு சனம் வரிசையில் நிற்கும்போது, நடுவில் ஒரு பாய் விரிப்பேன். மேரி பானையோடு வருவாள். வர மாட்டேன் என்றாள், நான் ஓம் சொல்ல வைத்துவிட்டேன். வேட உடுப்பு வேண்டாம், மேளம் வேண்டாம். வெட்டின பாட்டை முதல் அடியிலிருந்து கடைசி அடி வரை பாடுவேன். லைற்றை அணைத்தாலும் பாடுவேன். இந்தக் குரல் அதற்கு மட்டுமாவது மிஞ்சியிருக்கிறது.

அந்தப் பாயில் யார் யார் இருக்க வேண்டும் என்று நினைத்துப் பார்த்தேன். அண்ணாவியார் ஷெல் பட்டுப் போனார். யாகப்பரின் ஆட்களாய் வந்த மூவரில் ஒருவனைக் கடல் கொண்டது, ஒருவன் இந்தியன் ஆமிக் காலத்தில் காணாமல் போனான், ஒருவன் மண்டபம் அகதி முகாமில் கண்ணை மூடினான். நீ விறாந்தையில். உன் இடத்தில் மேரி இருப்பாள்.

என் முன்னால் இன்னும் ஒரு கப் வார்த்து வைப்பேன். மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எழும்பிப் போன இராயப்பர் பிறகு திரும்பி வந்து, பிறத்தியார் ஊரில், பிறத்தியாருக்காகச் செத்தார். இவனுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. ஜெசி பேனையைத் தூக்கி என்னைப் பார்க்கிறாள். எழுது பிள்ளை, எல்லாரும் வாசிக்கட்டும். அந்தப் பந்திக்காக மேடை ஏறினவர்களில் என்னைத் தவிர உயிரோடு இருக்கிறவன் ஒருவன்தான். கூழ் ஆற முதல் வந்து இருக்கட்டும். அவன் பேர் மரியநாயகம்.

நீ ஊர் கேட்க மச்சான் என்று கூப்பிட்ட,
சவிரிமுத்து