மத்தியான மாத்திரை

ஜூன் 9, திங்கள்
இன்று கொழுந்தெடுக்கப் போகவில்லை. வயிற்றுவலி என்று அத்தையிடம் சொன்னேன். வலி வயிற்றில் இல்லை. ஒன்றுக்குப் போனால் நெருப்பாய் எரிகிறது. மூத்திரப்பையில் கிருமி என்றார் டிஸ்பென்சரி டாக்டரம்மா. காலை, மத்தியானம், இரவு மாத்திரை. "எரிச்சல் நின்னாலும் நிறுத்தக் கூடாது. தண்ணி நிறைய குடி." தேயிலைக் காட்டில் எங்கே ஒதுங்குவது என்றுதானே தண்ணீரே குடிக்காமல் இருந்தேன். அதைச் சொல்ல வாய் வரவில்லை.

ஜூன் 10
மத்தியான மாத்திரை போடவில்லை. ஒரே தார்ப்பாயின் கீழ்தான் எல்லோரும் சாப்பிடுகிறோம். பக்கத்தில் அத்தை, எதிரே சூப்பர்வைசர். என்ன மாத்திரை என்று கேட்டால்? இரவு இரண்டாகப் போட்டுக்கொண்டேன். சரிதானே?

ஜூன் 12
எரிச்சல் இல்லை. இன்றும் இரவில் இரண்டு.

ஜூன் 14
காய்ச்சல். மழையில் நனைந்ததால் என்று அத்தை நினைக்கிறார். இடுப்புக்கு மேலே முதுகு விண்விண்ணென்று — சொல்லிரலாமா? என்னன்னு சொல்ல? கட்டின புருசன் ஜோஜோகிட்டகூடச் சொல்லலியே.

ஜூன் 17, ஆஸ்பத்திரி
ஞாயிறு சர்ச் பூசையில் மயங்கி விழுந்தேனாம். ஜோஜோ தன் ஜீப்பிலேயே கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். கிருமி சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது. நரம்பு வழியே மருந்து.

மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டாளா என்று டாக்டர் கேட்க, "என்ன மாத்திரை?" என்று ஜோஜோ என்னைப் பார்த்தார். எல்லாவற்றையும் அவர் முன்னாலேயே சொல்ல வேண்டியதாயிற்று.

"ராத்திரி ரெண்டு போட்டா பகல்ல விட்டது ஈடாகாது. பகல்ல ரத்தத்துல மருந்து குறையும், மிச்சக் கிருமி அப்பத்தான் பெருகும்," என்றார் டாக்டர்.

அவர் போன பிறகு ஜோஜோ, "எம்பொண்டாட்டிக்கு என்னன்னு டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியுது," என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டேன்.

ஜூன் 21
லயத்து வீட்டுக்கு வந்தாயிற்று. மாத்திரை இன்னும் உண்டு. அத்தை கஞ்சி வைத்துவிட்டு, "எங்கிட்டச் சொல்ல என்னம்மா?" என்றார். தலை குனிந்தே குடித்தேன்.

ஜூன் 25
மறுபடி வேலை. சோறு தின்றதும் மாத்திரையைப் பிரித்தேன். அடுத்த நிரையில் கொழுந்தெடுக்கும் ஜிபி, "எதுக்குக்கா மாத்திரை?" என்றாள். சூப்பர்வைசர் எதிரேதான் இருந்தார். முகமெல்லாம் சுட்டது. சொன்னேன். மூத்திரத்தில் கிருமி, அடக்கி அடக்கி வந்தது என்று.

சூப்பர்வைசர் எழுந்து போனார். ஜிபி சோற்றை அளைந்துகொண்டே இருந்தாள். பிறகு, நிமிராமலே, "அந்த எரிச்சல்... ராத்திரிலயும் இருக்குமாக்கா?" என்றாள்.

நகர்ந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.