பலகையின் பின்பக்கம்

6-11-2005, ஞாயிறு

மழை. போட்டுகள் கடலுக்குப் போகவில்லை. அதனால் இறால் உரிக்கிற வேலையும் இல்லை. விரல் வெட்டுகள் ஆறிக்கொண்டிருக்கின்றன.

யானைக்கவுனியில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் பெனிட்டோ அண்ணாச்சி எங்கள் தையல் மெஷினை விலைக்குப் பார்க்க வந்தார். மெஷினைப் பார்க்கவே இல்லை. தடுப்புப் பலகை முன்னால் நின்றுவிட்டார்.

எங்கள் வீடு ஒரே அறை. அந்தப் பலகைதான் அதை இரண்டாக்குகிறது. கப்பலில் வந்த ஏதோ பெட்டியின் பிளைவுட், ஆள் உயரம். டிவி பக்கம் படம், நான் படுக்கிற பக்கம் வெறும் பலகை. படத்தில் உருவம் எதுவும் கிடையாது. பெரிய கறுப்பு வளைவு, அதன்மேல் சாய்ந்து நிற்கும் செங்காவிக் கட்டம், ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள். அம்மா அதன்மேல் துணி காயப்போடுவாள். நைனா மட்டும், "சாரத்துல தொங்கிகினு கப்பல் வயித்த அண்ணாந்து பாரு, இப்டித்தான் கீது" என்பார். அவர் துறைமுகத்தில் கப்பல்களுக்குத் துரு சுரண்டிப் பெயின்ட் அடிக்கிறவர்.

"யாரு வரைஞ்சது துரை?" என்று நைனாவைக் கேட்டார்.

"வரதன்னு ஒர்த்தரு. எங்கப்பனாண்ட மீந்த கப்பல் பெயின்ட்ட வாங்கினு போய் வரைவாராம். ரெண்டு பேரும் தோஸ்து."

அண்ணாச்சி தலையில் போட்டிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

9-11

அண்ணாச்சி மறுபடி வந்தார். வரதன் இறந்து இருபது வருஷமாம். இப்போதுதான் அவர் படங்களைத் தேடுகிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை படங்களைச் சோதிக்கிற அம்மா ஒருவரைக் கூட்டி வருவாராம். பூதக்கண்ணாடியெல்லாம் கொண்டு வருவாராம்.

"கையெழுத்து எங்கய்யா?"

"பின்னாடி கீது. எங்கப்பன் பேரு, அவரு பேரு, வருசம், அல்லாம் கீது."

"அதுதான்யா உசிரு. அது இல்லன்னா இது வெறும் பலவை."

நைனா சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. இனிமேல் கப்பல் டாங்கிக்குள் இறங்கினால் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பலகை விற்றால் மாத்தூரில் ஒரு டீக்கடை. அம்மா இப்போதே பாய்லரை எந்தப் பக்கம் வைப்பது என்று பேசுகிறாள்.

பின்பக்கத்தை எல்லாரும் பார்ப்பார்களா?

10-11

ஞாயிறு வராமலே இருந்தால் என்ன?

11-11

யாரிடமும் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் டீச்சர் மேப்பை மாட்டி, எண்ணூர் எங்கே என்று கேட்டார். நான் வாயே திறக்காத பெண். அன்றைக்குத் திறந்தேன். "தோ, மேல கீது டீச்சர்." அந்தக் 'கீது'வுக்கு வகுப்பே சிரித்தது. டீச்சர் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு இன்னொரு தடவை.

அடுத்த நாள் வயிற்றுவலி என்று படுத்துவிட்டேன். சாயங்காலம் காம்பஸ் முள்ளால் பலகையில் கீறினேன்: நாளைக்குப் போவேன். தேதியும் போட்டேன். அதற்கடுத்த நாளும் அதையே. இருபத்து மூன்று வரி. கடைசி வரி மட்டும் வேறு. கீழே தொடங்கி மேலே ஏறி, தாத்தா பெயரைத் தாண்டிவிட்டது.

வீட்டில், "படிப்பு ஏறல நைனா" என்றேன். நம்பினார். ரெண்டு வருஷமாகிறது.

கீறல்கள் சட்டென்று கண்ணுக்குத் தெரியாது. விரலுக்குத்தான் தெரியும். ஆனால் பூதக்கண்ணாடிக்கு?

12-11

அம்மா மார்க்கெட் போன நேரம். கட்டிலுக்கு அடியில் நைனாவின் ரெட் ஆக்சைடு, துருவுக்கு அடிக்கிற சிவப்புப் பெயின்ட் டப்பா இருந்தது. என் வரிகளை மட்டும் மூடலாம் என்று தொடங்கினேன். திட்டாகத் தெரிந்தது. முழுக்க அடித்தேன். தாத்தா பெயர் வந்தபோது கை நின்றது. பெயர் அங்கே இருக்கிறது என்று நைனா சொன்னால் போதாதா? அவர் பொய் சொல்ல மாட்டாரே. அடித்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் எப்போதும் பெயின்ட் வாசனைதான். யாரும் கவனிக்கவில்லை.

13-11, ஞாயிறு

வந்த அம்மாவின் பெயர் மரியம். கண்ணாடி போட்டவர், மெல்லப் பேசுகிறவர். படத்தின் முன்னால் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு நைனாவும் அண்ணாச்சியும் பலகையைத் திருப்பினார்கள்.

சிவப்பு. வழவழவென்று சிவப்பு. அண்ணாச்சி விரல் வைத்தார், ஒட்டியது.

"என்னய்யா இது? பேரு இருக்குன்னீரு, நேத்து அடிச்ச பெயின்ட்டு இருக்கு!"

நைனா பெயின்ட்டைப் பார்த்தார். பிறகு கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார். ஒரு நிமிஷம்கூட இல்லை.

"நான்தான் அடிச்சேன். வந்தவங்க பாக்கசொல்ல கலீஜா இருக்கக் கூடாதுன்னு."

"கப்பலாய்யா இது? நீரு அடிச்ச பெயின்ட்டுக்கு அடியில எவரு எழுதினாருன்னு நான் யாருகிட்டப் போய்ச் சொல்ல? ஊரை ஏமாத்தவா பாக்கீரு?"

'நான்தான்' என்று எனக்கு வாய் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சீ.

மரியம் அம்மா, "எதையும் துடைக்காதீங்க, அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லி ஒரு கார்டை டிவி மேல் வைத்துவிட்டுப் போனார்.

நைனா என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலாம்.

14-11

நைனா வேலைக்குப் போய்விட்டார். டாங்கி வேலை. வரும்போது எச்சிலில் துருச் சிவப்பு. அம்மா, "நல்லா கீற பலகைக்கு இன்னாத்துக்குய்யா பெயின்ட்டு?" என்று அவரைத்தான் திட்டினாள். வாங்கிக்கொண்டார்.

15-11

தேரடி டெலிபோன் பூத்தில் மரியம் அம்மா கார்டில் இருந்த நம்பரை மூன்று தடவை போட்டு மூன்று தடவை வைத்துவிட்டேன். பின்னால் நின்ற ஆள், "இன்னாம்மே, போனாண்ட கண்ணாமூச்சி ஆட்றியா?" என்றான். நாலாவது தடவை எடுத்துவிட்டார்.

"மேடம், நான் துரை பொண்ணு. நான்தான் அடிச்சேன். நைனா இல்ல."

"ஏம்மா?"

"அடியில என் எழுத்து கீது."

சொல்லிவிட்டேன். கீது என்றே சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. பெயர் எந்த இடத்தில் இருக்கிறது, எப்படி எழுதியிருக்கிறது என்று கேட்டார். எனக்கு ஒவ்வொரு எழுத்தும் தெரியுமே. பலகையின் வலது மேல்மூலை. கறுப்புக் கப்பல் பெயின்ட். முதல் வரி 'துறைமுகத்து நண்பர் சொக்கனுக்கு'. இரண்டாவது 'வரதன் 1963'. சொக்கனில் 'க்' புள்ளி வழிந்து இறங்கியிருக்கும். என் கீறல் ஒன்று அந்தப் புள்ளியை வெட்டிக்கொண்டு போகும்.

"நாளைக்கு வர்றேன். நீ வீட்ல இரு."

16-11

மழை ஈரத்தில் பெயின்ட் இன்னும் இறுகவில்லை. அண்ணாச்சியையும் கூட்டி வந்த மரியம் அம்மா, பஞ்சும் டர்பன்டைனும் வைத்துக்கொண்டு மூலையில் கொஞ்சம் துடைத்தார். "பழசு கல்லாட்டம் நிக்கும்மா, பயப்படாத துடைங்க" என்றார் நைனா. பிறகு அவரே பஞ்சை வாங்கிக்கொண்டார். அவ்வளவு மெதுவாக அந்தக் கை நகர்ந்து நான் பார்த்ததில்லை.

தாத்தா பெயர் வந்தது. வழிந்த புள்ளியும், அதை வெட்டும் கீறலும். மரியம் அம்மா என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அண்ணாச்சி, "யேசுவே" என்று கீழே உட்கார்ந்துவிட்டார்.

நைனா நிறுத்தவில்லை. துடைத்துக்கொண்டே கீழே வந்தார். மேலே இருந்த சிவப்பு போனது. கீறலுக்குள் போன சிவப்பு போகவில்லை. யாருக்கும் தெரியாமல் இருந்த வரிகள் இப்போது சிவப்பு மையில் எழுதியதுபோல் நின்றன. நைனா எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். எல்லார் முன்னாலும் கீழ் வரியிலிருந்து படித்தார்.

"நா… ளைக்… குப்… போ… வேன்."

அடுத்த வரி. அதற்கடுத்தது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லாவற்றுக்கும் மேலே இருந்த வரிக்கு வந்தார்.

"இ… னி… போ… வ… மாட்டேன்."

பஞ்சைக் கீழே வைத்தார். "படிப்பு ஏறலன்னியே, யசோ."

மெழுகு மாதிரி ஏதோ பூசிக் கீறல்களை அடைத்துவிடலாமே, இருந்தால் விலை குறையும் என்றார் அண்ணாச்சி. மரியம் அம்மா, "கொஞ்சம் குறையும். அவ்வளவுதான்" என்றார். நைனா என் பக்கம் திரும்பினார்.

"உன் எழுத்து. நீ சொல்லு கண்ணு."

"இருக்கட்டும் நைனா."

27-11

பலகையைப் போர்வையில் சுற்றி வண்டியில் ஏற்றினார்கள். யாரோ ஒரு பம்பாய்க்காரர் வீட்டுக்குப் போகிறதாம். படம் அவர்களைப் பார்த்திருக்கும். என் வரிகள் சுவரைப் பார்த்திருக்கும்.

நடுவில் அம்மா புடவையைக் கட்டியிருக்கிறாள். அந்தப் பக்கம் நைனா இருமுவது இப்போது பக்கத்திலேயே கேட்கிறது. நாளையிலிருந்து அவருக்குக் கப்பல் கிடையாது.

3-2-2006

மாத்தூர். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. முதல் டீயை நைனாவே குடித்துவிட்டு, "கலீஜ்" என்றார்.

12-6-2006

டுடோரியல், பத்தாம் வகுப்பு.

இன்று போனேன். பெயர் கேட்டார்கள். எழுந்து நின்று சொன்னேன்.