அப்பாவுக்குப் பதினொரு வயது

என் செல்ல வாலுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் சௌக்கியம், தையல் மிஷினும் சௌக்கியம், நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் நினைப்பெல்லாம். காகிதத்தில் கடிதமா என்று பயந்திருப்பாய், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உன் அப்பா செய்த காரியத்தால் இரண்டு வாரமாக உன்னோடு பேச முடியவில்லை, அவ்வளவுதான். ஆனால் கடைசியாகப் பேசியபோது, "ஒரு விஷயம் இருக்கும்மா, ஞாயித்துக்கிழமை நிதானமா சொல்றேன், கோபப்படக் கூடாது" என்று சொல்லிவிட்டு வைத்தாயே, அது என்ன விஷயம் என்று தெரியாமல் எனக்கு மண்டை வெடிக்கிறது.

நடந்தது இதுதான். மறுநாள் சனிக்கிழமை, கடைப் போனில் பிறந்த தேதியை உறுதிப்படுத்தச் சொல்லி அந்த இன்டர்நெட் கம்பெனி கேட்டிருக்கிறது. நீ வெளிநாடு புறப்படும் முன்பு கடைப் பெயரில் திறந்து கொடுத்த கணக்குதானே அது. கணக்கு கடைப் பெயரில் இருப்பதால் கேட்பது கடையின் பிறந்தநாளைத்தான் என்று அப்பா முடிவுகட்டி, நாம் திரைச்சீலைக் கடை திறந்த தேதியைப் போட்டுவிட்டார். கம்பெனி கூட்டிக் கழித்துப் பார்த்து, இது பதினொரு வயதுப் பிள்ளை என்று கணக்கைப் பூட்டிவிட்டது. திறக்க வேண்டுமென்றால் பெற்றோர் சம்மதம் வேண்டுமாம். அறுபத்திரண்டு வயதில் இந்த மனிதர் யாரைப் போய் எழுப்பிக் கூட்டிவருவார் சொல். அடையாள அட்டையைப் படமெடுத்து அனுப்பினோம், பரிசீலனையில் உள்ளது என்று ஒரு வரி வந்தது, இன்று வரை அதே வரிதான் நிற்கிறது. பால் வராவிட்டால் பால்காரர் வீட்டுக் கதவைத் தட்டிச் சண்டை போடலாம், இவர்களுக்குக் கதவு எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை.

அது ஒன்றைப் பூட்டினால் எல்லாமே பூட்டிக்கொள்ளும் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. மெயில், படங்கள், வாடிக்கையாளர் வீட்டுக்கு வழி, அவர்கள் ஜன்னல் அளவுகள், எல்லாம் அதற்குள். "கழட்டி மாட்டினா சரியாயிடும்" என்று அப்பா போனிலிருந்தே அந்தக் கணக்கை எடுத்துவிட்டார், அதோடு எல்லார் நம்பரும் போயிற்று. டிவியும் அதே கணக்குதானே, இப்போது பொம்மைப் படம் மட்டும்தான் காட்டுகிறது. முதல் இரண்டு நாள் அப்பா முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், இப்போது ஒரு கரடிக்குட்டி கதையை விடாமல் பார்க்கிறார், நடுவில் கூப்பிட்டால் கோபம் வேறு வருகிறது. பல் டாக்டர் கிளினிக்குக்குத் திரை தைக்க வேண்டியிருந்தது, அளவு தொலைந்ததால் திரும்பவும் டேப்போடு போனேன். ஸ்டூலில் ஏறி அண்ணாந்து நின்றவளின் வாயைப் பார்த்துவிட்டு அந்த டாக்டரம்மா நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டார். ஜன்னல் அளவெடுக்கப் போனவள் கடைவாய்ப் பல்லைக் கொடுத்துவிட்டு வந்தேன். வலியெல்லாம் போய்விட்டது, நீ கவலைப்படாதே.

கடை வேலையைச் சமாளித்துவிட்டோம், உன்னைத்தான் பிடிக்க முடியவில்லை. நம் பேச்செல்லாம் அந்தக் கணக்கு வழியாகத்தான். இங்கே சிக்னல் இல்லை என்று போன மாதம் சிம்மை மாற்றினோமே, அந்தப் புது நம்பரைக்கூட உனக்குச் சொல்லவில்லை, அதுதான் தினமும் பேசுகிறோமே என்ற அலட்சியம். அத்தையிடம் ஓடினால் நீ முன்பு இருந்த ஊர் நம்பரை எடுத்துக் கொடுக்கிறாள், நீ அவளிடம் கேட்டிருந்தாலும் எங்கள் பழைய நம்பரைத்தான் தந்திருப்பாள். பெற்ற பெண்ணின் நம்பர் மனப்பாடமாகத் தெரியவில்லை என்று நினைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. நல்ல வேளை, நீ செருப்பு அனுப்பிய அட்டைப்பெட்டியை நான் தூக்கிப் போடவில்லை, அதில்தான் உன் முகவரி கிடைத்தது. "எல்லாம் ஒரே இடத்துல இருந்தா உனக்கு ஈசிம்மா" என்று நீதான் சொன்னாய், எனக்கும் ஈசியாகத்தான் இருந்தது, கம்பெனிக்கு அதைவிட ஈசியாக இருந்திருக்கிறது. உன் வேலை, சம்பளம், படங்கள் எல்லாம் அதே கம்பெனியில் உன் கணக்குக்குள்தானே இருக்கிறது, அதனால் முக்கியமானதை வேறு இடத்திலும் ஒரு பிரதி எடுத்து வை, நாலு பேர் நம்பரையாவது கையால் எழுதி வை. நான் இப்போது அளவுகளைத் துணி மாதிரியின் பின்பக்கமே எழுதிவிடுகிறேன்.

எங்கள் புது நம்பரைக் கவரின் பின்னால் பெரிதாக எழுதியிருக்கிறேன், கடிதம் கிடைத்ததும் பேசு. நீ எந்த ஊரில் இருந்தாலும் எந்தக் குறையும் இல்லாமல் சிரித்த முகமாக இருக்க வேண்டும், அப்பாவும் இதையேதான் சொல்லச் சொன்னார். அப்புறம் அந்த விஷயம். யாரையோ பிடித்திருக்கிறது என்பாய் என்று நான் நினைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கக் குதித்தேன், அப்பா சமாதானம் சொன்னார். வேலையை விட்டிருப்பாய் என்று நினைத்து மறுநாள் அவர் குதித்தார், நான் சமாதானம் சொன்னேன். இனி அங்கேயே தங்கிவிடப் போகிறாயோ என்று தோன்றியபோது சமாதானம் சொல்ல ஆளில்லாமல் இரண்டு பேரும் படுத்துக்கொண்டோம், காலையில் எழுந்ததும், "அவ நல்லா இருந்தா போதும்" என்றார். இந்த மூன்றுக்கும் வெளியே வேறு ஏதாவது இருந்தாலும் பரவாயில்லை. கோபப்பட வேண்டியதையெல்லாம் நாங்கள் இங்கேயே பட்டு முடித்தாயிற்று, நீ தயங்காமல் சொல்.

உன் குரலுக்காகக் காத்திருக்கும்
அம்மா
(பக்கத்தில் பொம்மைப் படம் பார்த்துக்கொண்டு அப்பா)