ஜிம்மியைத் தொட்ட கை

கிணற்றடியில் கை கழுவிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். விரல்களில் இன்னும் மண் மணக்கிறது. நாயின் எச்சில் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீரால் என்பது எங்கள் வழக்கம். உன் ஜிம்மியைத் தொட்டபோதெல்லாம் உங்கள் கிணற்றடியில் நான் அப்படிக் கழுவ, நீயே மண் அள்ளி வந்து கரைத்துத் தருவாய். "என்ட புள்ளையத் தொட்டுட்டு இவ்வளவு கழுவுறாய். நான் இல்லாட்டி இவனை ஆருகா தொடுவா?" என்பாய். முதலில் அது பகிடி. கொழும்பு ஆஸ்பத்திரிக் கட்டிலில், தலைமயிரெல்லாம் கொட்டிய பிறகு, அதையே மறுபடியும் கேட்டாய். அப்போது நீ சிரிக்கவில்லை. நான் தொடுவேன் என்றேன்.

உன்னை அடக்கம் செய்தபின் உன் அம்மாவும் அப்பாவும் மட்டக்களப்புக்கு உன் அண்ணனிடம் போய்விட்டார்கள். ஜிம்மி மதிலுக்கு இந்தப் பக்கம், எங்கள் வளவுக்கு வந்தான். எங்கள் தெருவில் நாய் வளர்க்கும் வீடு வேறில்லை. கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில், தகரத்தின் கீழே இடம் கொடுத்தோம்.

இப்போது அவன் கிழவன். கண்ணில் பால் படர்ந்துவிட்டது. வாப்பாவின் பழைய மருதமுனைக் கைத்தறிச் சாரத்தை வயிற்றுக்குக் கீழே கொடுத்துத் தூக்கினால்தான் நிற்பான். மீன் அவித்து, முள்ளெடுத்து, சோற்றோடு பிசைந்து மருந்துக் குளிசையை உள்ளே ஒளித்துக் கொடுப்பேன். சோற்றைத் தின்றுவிட்டுக் குளிசையை மட்டும் துப்புவான். உன் பிடிவாதம்.

உனக்குத்தான் இதைச் சொல்ல முடியும். நீ போன பிறகு எனக்கு வாழப் பிடிக்கவில்லை. துக்கம் என்றுதான் முதலில் நினைத்தேன். துக்கமென்றால் அழுகை வருமே. புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் வெறும் எழுத்துகளாக நிற்கின்றன. காலையில் முதலில் தோன்றுவது, இன்றும் விழித்துவிட்டேனே என்பதுதான். சோறு பிசையும்போதே செத்துவிட வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். அடுத்த நினைப்பு, இவனை யார் தூக்கி நிறுத்துவது. அந்தக் கேள்வியை வைத்துத்தான் நாட்களைத் தள்ளினேன்.

என் மெலிவுக்கு உம்மா வேறு காரணம் கண்டார். நாய் இருக்கும் வளவுக்கு மலக்குமார் என்ற வானவர்கள் வரமாட்டார்கள், அதனால்தான் பிள்ளை வாடுகிறாள் என்று முடிவு செய்து, இறக்காமத்தில் வயல் செய்யும் மாமாவுக்குச் சொல்லி அனுப்பினார். வயலில் யானைக் காவலுக்கு ஒரு நாய் தருகிறேன் என்று சொல்லித்தான் அழைத்திருந்தார். மாமா ஓட்டோவில் உரப்பையோடு வந்தார். தகரத்தின் கீழே குனிந்து பார்த்துவிட்டு, "யானை வந்தா இவரை ஆரு தூக்கிட்டு ஓடுற?" என்றார்.

உம்மா சிரிக்கவில்லை. "எப்படியாவது கொண்டு போ தம்பி. எனக்கு என்ட புள்ள வேணும்."

என்னைக் காப்பாற்றத்தான் உம்மா அதைச் செய்தார். என்னை நிறுத்தி வைத்திருந்ததைத்தான் அனுப்பப் பார்த்தார். மாமா சாரத்தின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையை நான் விடவில்லை.

"இவன் போனா நானும் போயிருவன் உம்மா."

"நீ எங்க போறாய்?"

"உசிரோட இரிக்க ஏலாம இரிக்கி. கனநாளா."

உம்மா கிணற்றுக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். மாமா உரப்பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். கனநேரத்துக்குப் பிறகு உம்மா வந்து எங்கள் இருவருக்கும் பக்கத்தில் குந்தினார். கண் தெரியாத ஜிம்மி அவர் கையை நக்கினான். உம்மா கையை இழுக்கவில்லை.

நாயை ஏற்ற வந்த ஓட்டோவில் என்னை ஏற்றி ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போனார். நான் சொல்லத் தயங்கியதை டொக்டரிடம் அவரே சொன்னார். இப்போது எனக்கும் குளிசை. துப்பாமல் விழுங்குகிறேன். கொஞ்சம் தூக்கம் வருகிறது. வாழும் ஆசை இன்னும் வரவில்லை. உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

நேற்றிலிருந்து ஜிம்மி சாப்பிடவில்லை. தண்ணீர் மட்டும் நக்குகிறான். சற்றுமுன் உம்மா கேட்டார், இவன் மௌத்தாகிப் போய்விட்டால் நீ என்ன செய்வாய் என்று. தெரியாது என்றேன்.

"தெரியாட்டி என்னைக் கூப்பிடு. எந்த நேரமெண்டாலும். முதல்ல என்னைக் கூப்பிட்டுப்போட்டுத்தான் மத்ததெல்லாம்."

ஓம் என்றேன். உனக்குக் கொடுத்த வாக்கோடு இப்போது அந்த ஓமையும் வைத்திருக்கிறேன். பிறகு கிணற்றடியில், ஜிம்மியைத் தொட்ட கையை உம்மா நீட்ட நான் தண்ணீர் ஊற்றினேன். நான் நீட்ட அவர் ஊற்றினார். இடையில் இருவருக்கும் எண்ணிக்கை தவறிவிட்டது. முதலிலிருந்து தொடங்கினோம்.