மதர் முதலில் வாசிக்கும் கடிதங்கள்

சிலாவத்தை,
முல்லைத்தீவு.
04.02.2024

சேசு மரி சூசை துணை

என் செல்லத் தங்கச்சி ஆன்சலாவுக்கு,

அக்கா எழுதுகிறேன். கடவுள் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம். மடத்துக்கு வரும் கடிதங்களை மதர் பிரித்து வாசித்த பிறகுதான் உங்கள் கையில் தருவார் என்று போனமுறை எழுதியிருந்தாய். ஆகவே முதல் வணக்கம் அவருக்கு. மதர், குறை நினைக்க வேண்டாம், நான் கொஞ்சம் கதைகாரி.

ஆன்சலா, யூலை மாதம் உனக்குக் கன்னியாஸ்திரி முக்காடு போடப்போகிறார்களாம். அதுவரைக்கும் நீ எந்த நாளும் வீட்டுக்குத் திரும்பி வரலாம், ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்று எங்கள் பங்குச் சுவாமி சொன்னார். நான் உன்னை வா என்று கூப்பிடமாட்டேன். இங்கே என்ன இருக்கிறது என்று மாதத்துக்கு ஒருதரம் எழுதுவேன். அதை வாசித்துவிட்டு வராமல் இருந்து பார்.

போன போயா அன்று பக்கத்து வீட்டு ராஜினியின் வீட்டுக்காரர் தோணியில் எங்களை நந்திக்கடலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நல்ல முழுநிலவு. வலையைத் தூக்கினால் முழுக்க இறால். கரையிலேயே சிரட்டை நெருப்பில் சுட்டு, தேசிக்காய் பிழிந்து சாப்பிட்டோம். உன் பங்கையும் நானே சாப்பிட்டேன்.

மற்றப்படி எனக்கு ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. தையல் மெசினில் இருந்தால் ஒரு சட்டைக் கை தைத்து முடிவதற்குள் எழும்பி வாசல் படலைக்குப் போகிறேன். அப்பா பார்த்துவிட்டு, "உனக்குக் காலில சைக்கிள் சில்லோ பூட்டியிருக்கு?" என்று கேட்கிறார்.

உன் அக்கா,
மார்கிறட்


மடம்,
03.03.2024

அன்பான அக்காவுக்கும் அப்பாவுக்கும்,

சேசுவின் சமாதானம் நம் வீட்டில் இருக்கட்டும். இங்கே மலைக் குளிர். காலையில் தண்ணீரைத் தொட்டால் விரல் விறைக்கிறது.

உங்கள் கடிதத்தை வாசித்து மதர் சிரித்தாராம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதை வாசித்த நாளிலிருந்து செபத்தில் மனம் நிற்கவில்லை. முழங்காலில் இருந்தபடி சுட்ட இறால் வாசத்தைத் தேடினேன்.

பிறகுதான் யோசித்தேன். அக்கா, போயா நிலவில் இறால் படுமா? இருட்டுக் காலத்தில்தானே இறாலுக்குப் போவார்கள்? நிலவென்றால் அப்பா வீட்டில் இருந்து கிழிந்த வலை பொத்துவார். ஞானப்பிரகாசத்தாரின் மூத்த மகள் எழுதுகிற எழுத்தா இது?

நீங்கள் எங்கேயும் போகவில்லை. அம்மா செத்த நாளிலிருந்து என்னைக் கூட்டிக்கொண்டு போவதற்காகத்தான் நீங்கள் வெளியே போனீர்கள். நான் இங்கே வந்தபிறகு ஞாயிற்றுக்கிழமைப் பூசை, அதைவிட்டால் தையல் மெசின். வேறு என்ன?

ஆசை காட்டுவதென்றால் உண்மையான ஆசையாகக் காட்டுங்கள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நாங்கள் போகும் கூல்பாருக்குத் தனியாகப் போங்கள். இப்போதும் நாங்கள் உட்காரும் அந்தச் சிவப்புக் கதிரைகள்தானா என்று பார்த்து எழுதுங்கள். பொய் எழுதினால் கண்டுபிடிப்பேன்.

உங்கள் தங்கச்சி,
ஆன்சலா


சிலாவத்தை,
07.04.2024

ஆன்சலா,

உனக்கு நாக்கு நீண்டுவிட்டது. மடத்தில் அடக்கம் படிப்பிப்பார்கள் என்று நினைத்திருந்தேன். மதர், இதைக் கொஞ்சம் கவனிக்கவும்.

தவக்காலத்தில் ஐஸ்கிறீம் கூடாது என்று சாட்டுச் சொல்லிப் பாஸ்குப் பெருநாள்வரை இழுத்தேன். பாஸ்குவும் வந்தது, சாட்டும் முடிந்தது. வெள்ளிக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். கூல்பார் வாசலுக்குப் போய்த் திரும்பி, பிறகும் போய்த் திரும்பி, ஒருமாதிரி உள்ளே போனேன். கதிரை எல்லாம் இப்போது மஞ்சள். சிவப்பு இல்லை.

கடைக்காரர் என்ன வேணும் என்று கேட்க, என் வாய் தன்பாட்டில் "ரெண்டு ஐஸ்கிறீம்" என்றது. கொண்டுவந்து எனக்கு முன்னால் ஒன்றும் வெறும் கதிரைக்கு முன்னால் ஒன்றுமாக வைத்துவிட்டுப் போனார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் ஐஸ்கிறீம் கரைகிறதே. பதைபதைத்து என்னுடையதைச் சாப்பிட்டு, பிறகு உன்னுடையதையும் சாப்பிட்டேன். நல்ல ருசி. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நேரே வீட்டுக்கு வரவும் மனமில்லை. வட்டுவாகல் பாலம்வரைக்கும் சைக்கிள் ஓடிப்போய், காற்றில் நின்று கச்சான் கடலை கொறித்தேன். உரித்த கோதைத் தண்ணீரில் போட, மீன்குஞ்சுகள் சாப்பாடு என்று வந்து பார்த்துவிட்டு ஏமாந்து போயின. நெடுநேரம் அதையே செய்துகொண்டிருந்தேன்.

இன்னொன்று. அப்பா உன் கட்டிலுக்குப் பச்சைப் பெயின்ற் அடித்திருக்கிறார். ஏன் என்று கேட்டேன். "தோணிக்கு அடிச்சதில மிச்சம் கிடந்தது" என்றார். எங்கள் தோணி நீலம்.

வந்துவிடேன், ஆன்சலா. கூப்பிடமாட்டேன் என்றேன். கூப்பிட்டுவிட்டேன்.

அக்கா


மடம்,
05.05.2024

அக்கா,

கடிதத்தைக் கையில் தரும்போது மதர், "உம்மட அக்கா நல்லாச் சாப்பிடட்டும்" என்று மட்டும் சொன்னார்.

அந்தப் பச்சைக் கட்டில் என்னைச் சும்மா இருக்க விடவில்லை. இங்கே மணி அடித்தால் எழும்புகிறேன், மணி அடித்தால் சாப்பிடுகிறேன், மணி அடித்தால் பேச்சை நிறுத்துகிறேன். உள்ளுக்குள் மட்டும் எந்த மணிக்கும் எதுவும் அடங்குவதாக இல்லை. கூட்டிய இடத்தையே திரும்பக் கூட்டிக்கொண்டு நிற்கிறேன்.

நேற்று மதரிடம் போய் என் சூட்கேசைக் கேட்டேன். காரணம் கேட்காமல் எடுத்துத் தந்தார்.

எனக்கு ஒரு பயமும் இருக்கிறது. நான் வந்தால் நீங்கள் திரும்பவும் எனக்காகத்தான் கூல்பாருக்குப் போவீர்களோ?

ஆன்சலா


சிலாவத்தை,
12.05.2024

ஆன்சலா,

மாதத்துக்கு ஒரு கடிதம் என்ற சட்டத்தை மீறுகிறேன். மதர் மன்னிக்கவும்.

சூட்கேசைப் பூட்டிக்கொண்டு வா. ராஜினியோடு மல்லாவிச் சந்தைக்குப் போய் உன் கட்டிலுக்குப் புது விரிப்பு வாங்கிவிட்டேன். போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் எனக்கு யன்னல் சீற்று. வயல் முழுக்க மயில். தலையை வெளியே போடாதே என்று ராஜினி திட்டிக்கொண்டே வந்தாள்.

இங்கே எந்த பஸ் சத்தம் கேட்டாலும் படலைக்கு ஓடுகிறேன். குசினியில் நேற்று சோறு அடிப்பிடித்தது. நீ வரும்வரைக்கும் இந்த வீட்டில் ஒழுங்கான சோறு கிடையாது என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

அக்கா


மடம்,
09.06.2024

என் அன்பு அக்காவுக்கு,

கோபம் வந்தாலும் கிழிக்காமல் கடைசிவரை வாசியுங்கள்.

சூட்கேசில் உடுப்பெல்லாம் அடுக்கினேன். மேலே உங்கள் கடிதங்களை வைக்கப்போகும்போது இன்னொருதரம் எடுத்து வாசித்தேன். ஐஸ்கிறீம், கச்சான், யன்னல் சீற்று. நீங்கள் தனியாகப் போய்ச் சாப்பிட்டதும் தலையை வெளியே போட்டதும் எனக்கு அவ்வளவு சந்தோசம். ஆனால் அக்கா, எனக்கும் வேண்டும் என்ற ஆசை வரவில்லை. வரும், வரும் என்று அன்று முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு உடுப்பை வெளியே எடுத்து மடித்து வைத்தேன்.

நான் இங்கேயே இருக்கப்போகிறேன்.

யூலை 7ஆம் திகதி முக்காடு. அப்பாவைக் கூட்டிக்கொண்டு கட்டாயம் வாருங்கள். அன்றிலிருந்து ஒரு வருடத்துக்கு முக்காடு போட்ட நாங்கள் கடிதம் எழுதவும் கூடாது, வாசிக்கவும் கூடாது. வருவதை மதர் வாசித்து, எடுத்து வைத்திருந்து, பிறகு தருவார்.

கட்டிலைப் பற்றி அப்பாவிடம் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அதையும் உங்கள் தலையில்தான் கட்டுகிறேன். மன்னியுங்கள்.

என்றும் உங்கள்,
ஆன்சலா


சிலாவத்தை,
14.07.2024

மதருக்கு வணக்கம். அவர் அடுத்த யூலையில் தரும்போது வாசிக்கப்போகும் ஆன்சலாவுக்கு,

மதர், இந்தக் கடிதத்தை வாசிக்க இப்போதைக்கு நீங்கள் ஓர் ஆள்தான். பரவாயில்லை. எங்கள் வீட்டு விசயம் உங்களுக்குத் தெரியாததா?

ஆன்சலா, முக்காட்டோடு நீ திரும்பிப் பார்த்தபோது எனக்கு உன்மேல் கோபம்தான் வந்தது. இப்போதும் இருக்கிறது. அப்பா உன் கையைப் பிடித்துக்கொண்டே நின்றார். வவுனியாவில் பஸ் மாறி ஏறியதும்தான் அழுதார். நானும் அழுதேன். அழுத களைப்பில் இரண்டு பேரும் நித்திரையாகிவிட்டோம். புளியங்குளத்தில் இறங்கி முல்லைத்தீவு பஸ் எடுத்திருக்க வேண்டும். கொண்டக்டர் தட்டி எழுப்பும்போது கனகராயன்குளம் வந்துவிட்டது.

இறங்கி, திரும்பிப் போகும் பஸ்ஸுக்கு றோட்டின் மற்றப் பக்கத்தில் நின்றோம். கொதிக்கிற வெயில். மரத்துக்குக் கீழே ஒரு மனுசி பாலைப்பழம் விற்றுக்கொண்டிருந்தா. ஒரு தகரப் பேணி நிறைய வாங்கி, அந்த நிழலிலேயே இருந்து சாப்பிட்டோம். பழத்தின் பால் ஒட்டி அப்பாவின் உதடு இரண்டும் பிடித்துக்கொண்டன. ஏதோ சொல்ல வருகிறார், வாய் திறக்கவில்லை. என்ன என்று கேட்கப் போனால் என் வாயும் திறக்கவில்லை. சிரிக்க வாய் இல்லாமல் இரண்டு பேரும் மூக்கால் சிரித்தோம். அந்த மனுசி எங்களைப் பார்த்துச் சிரித்தா. பஸ் ஒன்று வந்தது. அப்பா அது போகட்டும் என்று கையைக் காட்டினார். நான் இன்னொரு பேணி வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து உதட்டில் எண்ணெய் பூசித் தேய்க்கும்போதுதான் நெஞ்சில் அடித்தது. உனக்கு எழுத வேண்டும் என்று நான் அங்கே ஒன்றையும் பார்த்து வைக்கவில்லை. உன் பங்கு என்று நினைத்துக்கூட ஒரு பழம் எடுக்கவில்லை. அவ்வளவு நேரமும் நீ என் நினைவிலேயே இல்லை, ஆன்சலா. அதற்காகத் திரும்பவும் இருந்து அழுதேன்.

கட்டிலைப் பற்றி அப்பாவிடம் நான் ஒன்றும் சொல்லத் தேவை வரவில்லை. அவரே ஒரு பக்கம் பிடிக்க, இரண்டு பேருமாகத் தூக்கி முன் விறாந்தையில் போட்டோம். மல்லாவி விரிப்பை விரித்து, பின்னேரங்களில் நான் அதில் படுத்திருக்கிறேன். காற்று நல்லாய் வருகிறது. றோட்டில் பஸ் வரும் சத்தம் கேட்கும், நின்று ஆட்களை இறக்கிவிட்டுப் போகும். நான் எழும்புவதில்லை.

உன் அக்கா,
மார்கிறட்