இரண்டு பக்கமும் ராஜா

"இது டங்கசாலையில் அடித்த காசு இல்லை. இரண்டு ரூபாயைக் குடைந்து ஒட்டியது." அன்று நான் சொல்லாமல் விட்டது இவ்வளவுதான், அப்பா. இன்று உங்கள் அலமாரியைத் திறந்தேன். அந்துருண்டை வாசனைக்கு நடுவே லென்ஸ் கையில் தட்டியதும், அது வாய்வரை வந்தது.

மாட்டுங்கா வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் நீங்கள் சேர்த்த, ராணி தலை போட்ட பழைய ரூபாய்களைப் பார்ப்பதுதான் நமக்கு வேலை. பல வருஷம் அடித்த காசுகளிலும் 1862 என்றே இருக்கும். அச்சுக்கு அச்சு மாறுவது சின்னப் புள்ளிகள் மட்டும். கண்ணாடி போட்டும் உங்களுக்கு அவை தெரியாது. "ரெண்டா மூணா, பாத்துச் சொல்லுடீ. உன் கண்ணுதான் கண்ணு" என்பீர்கள். வேறு எதற்காகவும் நீங்கள் என்னைப் புகழ்ந்ததாக நினைவில்லை.

செம்பூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். உங்களுக்கும் காசுப் பித்து என்று கேள்விப்பட்டு, பிள்ளையின் அப்பா மடியிலிருந்து ஒரு ரூபாயை எடுத்தார்.

"பாத்தேளா, ரெண்டு பக்கமும் ராஜா! டங்கசாலைக்காரன் பண்ணின தப்பு. ஆத்துக்காரியோட சண்டைன்னா பூவா தலையா போடுவேன். தலைன்னு நான் கேப்பேன். இன்னிவரைக்கும் தோத்ததில்லே!"

எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் வாங்கிப் பார்த்தீர்கள். உங்கள் கட்டைவிரல் நகம் விளிம்பில் ஓடி ஓரிடத்தில் நின்றது. நான் கவனித்தேன். "அபூர்வம்! அபூர்வம்!" என்றபடி என்னிடம் நீட்டினீர்கள்.

டங்கசாலையில் அப்படித் தப்பு நேர்வது முந்தின காசு அச்சில் ஒட்டிக்கொள்ளும்போதுதான்; அப்போது அடுத்த காசின் ஒரு பக்கத்தில் முகம் குழிந்து, இடம் வலமாக மாறி விழும். இதில் இரண்டு ராஜாவும் புடைத்தே இருந்தார்கள். பழக்கதோஷம்; விளிம்பைக் கண்ணருகே கொண்டுபோனேன். உங்கள் நகம் நின்ற இடத்தில் ஒட்டு தெரிந்தது.

"மூக்குல இடிக்கறாப்ல வச்சுண்டு பாக்கறாளே, பார்வை சரியாத் தெரியுமோன்னோ?" என்றார் பிள்ளையின் அம்மா.

உங்களைப் பார்த்தேன். 'என் பெண் விளிம்பு பார்க்கிறாள்' என்று ஒரு வார்த்தை போதும். காசு பொய் என்றுகூடச் சொல்ல வேண்டாம். நீங்களோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, "எங்காத்துல யாருக்கும் கண்ணுல கோளாறு கெடையாது" என்று சிரித்தீர்கள். நான் காசைத் தட்டில் வைத்தேன். நல்ல ரூபாய் போலக் கணீரென்று ஒலிக்காமல், சத்தம் மொட்டையாக விழுந்தது. அதுவும் உங்களுக்குக் கேட்டிருக்கும்.

இப்போதும் டிராமில் சில்லறை வாங்கினால் என் நகம் தானாக விளிம்பைச் சுற்றி வருகிறது. மனிதர்களிடமும் அப்படித்தான். யாராவது என்னைப் புகழ்ந்தால் ஒட்டு எங்கே என்று தேடுகிறேன். இதை எனக்குத் தந்தது செம்பூர்க்காரர் இல்லை.

பெண்ணுக்குப் பார்வை மங்கல், சம்பந்தம் வேண்டாம் என்று செம்பூரில் சொல்லிவிட்டதாக அந்த வாரமே தரகர் வந்து சொன்னார். "வாங்கிப் பாத்துட்டு சும்மா குடுத்திருக்கப்படாதா?" என்று மட்டும் கேட்டீர்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காசுப் பெட்டியையும் லென்ஸையும் அலமாரிக்குள் வைத்துப் பூட்டினீர்கள். நீங்கள் போன பிறகுதான் சாவி என் கைக்கு வந்தது.