சோபாவில் மூன்று பேர்

அம்பத்தூர்
8-9-2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டிருக்கலாம். ஆனால் ஆரணியிலிருந்து போன் வந்தாலே ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார் அத்தை. அதனால்தான் இதை ஆபீஸ் பக்கத்துத் தபால் பெட்டியில் போடுகிறேன். பதிலை, என் ஆபீஸ்காரர்களுக்கு விற்க நீங்கள் அனுப்பும் பட்டுப்புடவை மடிப்புக்குள் வையுங்கள். பார்சலை அத்தைதான் பிரிப்பார். மடிப்பைக் கலைத்தால் ஜரிகை ஒடிந்துவிடும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பட்டு வியாபாரி மகள் சொன்னதாயிற்றே, நம்பிவிட்டார்.

விஷயம் இதுதான். தலை தீபாவளிச் சீராக டிவி வேண்டுமாம். கேட்கவில்லையாம், எதிர்பார்க்கிறார்களாம். இருக்கிற டிவி நன்றாகவே ஓடுகிறது. ஆனாலும் ஞாயிறு தவறாமல் ஆராய்ச்சி நடக்கிறது. உங்கள் மாப்பிள்ளை இன்ஜினீயர் ஆயிற்றே, சோபாவுக்கும் சுவருக்கும் டேப் பிடித்து அளந்தார். மாமா "ஓ, எல், இ, டி" என்று எழுத்தெழுத்தாக ஜபிக்கிறார். அப்படி என்றால் என்ன என்று கேட்டேன், கோபம் வந்துவிட்டது. அறுபத்தைந்து இன்ச்சுக்குக் குறைந்தால் குடும்பமாகப் பார்க்க முடியாதாம்.

குடும்பம் என்றால் சோபாவில் உட்காரும் மூன்று பேர். எனக்குச் சமையலறை வாசல். அங்கிருந்து டிவியின் பக்கவாட்டுதான் தெரியும். அது எவ்வளவு மெல்லிசு என்று வேண்டுமானால் சாட்சி சொல்வேன்.

உங்கள்
லாவண்யா

ஆரணி
15-9-2025

கண்ணு லாவண்யாவுக்கு அப்பாவின் ஆசிகள்.

அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை. வாய்க்கு எந்தக் குறையும் இல்லை.

நேற்று வேலூரில் ஒரு டிவிக் கடைக்குப் போனேன். டை கட்டிய ஒரு ஆள், "சார், இதுல நூறு கோடி கலர்" என்றான். எனக்கு ஒரே ஒரு கலர் போதும் என்று பையிலிருந்து நம் அரக்குப் புடவையை எடுத்து விரித்தேன். அதைப் போனில் படம் பிடித்து ஒவ்வொரு டிவியிலும் காட்டச் சொன்னேன். ஒன்றில் தக்காளிச் சட்னி. இன்னொன்றில் பீட்ரூட். "இன்னாப்பா இது, நூறு கோடின்னு பேசிகினே இருக்கற, ஒண்ணு கூட சரியா இல்லியே" என்றேன். அவனுக்கு ஒரே பேஜார். கடைசியில் மூலையில் கிடந்த நாற்பத்துமூன்று இன்ச் டிவியில்தான் அரக்கு அரக்காகத் தெரிந்தது. அதையே எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன். சம்பந்தியிடமும் போனில் சொல்லிவிட்டேன்.

நீ கொஞ்சம் அனுசரித்துப் போம்மா. வாசலில் உட்கார்ந்தால் காற்றாவது வரும். புது இடம், போகப் போகச் சரியாகிவிடும்.

அப்பா
வீரபாகு

அம்பத்தூர்
24-9-2025

அப்பா,

காற்று நன்றாக வருகிறது. சாம்பார் வாசனையோடு.

நாற்பத்துமூன்று என்றதும் இங்கே இழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. நீங்கள் போனில் சொன்ன அரக்குக் கதையை மாமா எல்லோருக்கும் சொன்னார். "உங்கப்பா டிவி வாங்கப் போனாரா, புடவை வாங்கப் போனாரா?" என்று அத்தை கேட்க, உங்கள் மாப்பிள்ளை தமிழ்வாணன் விழுந்து விழுந்து சிரித்தார். தன் சட்டை நீலமா பச்சையா என்று என்னைக் கேட்டுவிட்டுப் போடுகிற மனிதர்.

டிவி வருவதற்கு முன்பே, படம் பார்க்கிற ஆப்புக்குச் சந்தா கட்டியாயிற்று. என் கார்டில்தான். அதில் ஐந்து பேர் பெயர் போடலாம். மாமா, அத்தை, இவர், திருச்சியில் இருக்கிற நாத்தனார், அவள் மகன் தீனா. தீனாவுக்கு மூன்று வயது. என் பெயர் எங்கே என்று கேட்டேன். "தீனா பேர்ல பாரேன், அதுல என்ன இருக்கு?" என்றார் இவர். அதில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். பேசுகிற பஸ் இருக்கிறது, பாட்டுப் பாடுகிற கத்தரிக்காய் இருக்கிறது. குழந்தைகளுக்கானது, வேறெதுவும் திறக்காது.

சிரிப்பாகத்தான் எழுத நினைத்தேன். முடியவில்லை அப்பா. யாரும் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. இந்த வீட்டுக் கணக்கில் நான் இல்லை, அவ்வளவுதான். இதை அவரிடமும் சொல்லிப் பார்த்தேன். "ஒரு டிவிக்காக அழுவியா?" என்றார். எனக்கு வெறுத்துவிட்டது.

நான் வந்துவிடட்டுமா? வா, வராதே என்று ஒரு வார்த்தை எழுதுங்கள், போதும். அனுசரி என்று மட்டும் இன்னொரு முறை எழுதாதீர்கள்.

லாவண்யா

ஆரணி
6-10-2025

கண்ணு,

வெள்ளிக்கிழமை நான் அம்பத்தூர் வந்தது உனக்குத் தெரிந்திருக்கும். நீ ஆபீசில் இருந்தாய். அறுபத்தைந்தையே வாங்கிக் கொடுத்துவிட்டால் உன்னை நன்றாக வைத்துக்கொள்வார்கள் என்று நினைத்து, சுவரை அளக்கத்தான் வந்தேன்.

சோபாவில் உன் மாமனாரும் மாமியாரும் காலை நீட்டிக்கொண்டு இருந்தார்கள். எனக்குச் சமையலறை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். டிவி மெல்லிசுதான், நானும் பார்த்தேன்.

உன் மாமனார் போனில் அந்தப் பெயர்களைப் பெருமையாகக் காட்டினார். "எங்க பொண்ணு பேரு எதுங்க?" என்று கேட்டேன். தீனா பெயருக்கு மேல் இருந்த கரடி பொம்மையில் விரலை வைத்து, "அது இதுல பார்த்துக்கும்" என்றார். நான் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். கொடுத்த காபியைக் குடிக்கவில்லை. இப்படிப்பட்டவர்களுக்கா கல்யாணத்தில் மூன்று தரம் பந்தி விசாரித்தேன் என்று பஸ்ஸில் வரும்போது எனக்கே அசிங்கமாக இருந்தது.

நாற்பத்துமூன்று நம் ஹாலுக்கு வந்துவிட்டது. மாட்ட வந்தவர் யார் பெயர் போட வேண்டும் என்று கேட்டார். முதலில் லாவண்யா என்று போடச் சொன்னேன். அடுத்து உங்க பேரா என்று அம்மாவைக் கேட்டதற்கு, "அவ வந்துகினு இருக்கறா, அவளே போடுவா" என்று சொல்லிவிட்டாள்.

இந்தப் பார்சலில் இருப்பது கடைக்குக் கொண்டுபோன அதே அரக்குப் புடவை. இது விற்பதற்கு அல்ல. மடிப்பைக் கலைத்துக் கட்டிக்கொண்டு வா. தீபாவளி வரை காத்திருக்க வேண்டாம். சீர் எங்கே என்று கேட்டால், ஆரணியிலேயே இருக்கிறது, நானும் அங்கேதான் இருப்பேன் என்று சொல்லிவிட்டு வா.

அப்பா
வீரபாகு